சிங்கப்பூர் நாலு மணி, மீனம்பாக்கம் அஞ்சு மணி

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தில் நின்று நேர்க்கோடு போட்டால் சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம் சுமார் 2,910 கிலோமீட்டர். துபாய் சுமார் 2,970. அறுபது கிலோமீட்டர்தான் வித்தியாசம். இங்கிருந்து விழுப்புரம் தாண்டுகிற தூரம். ஒரு பிள்ளை சிங்கப்பூரிலும் இன்னொரு பிள்ளை துபாயிலும் இருக்கிற வீடுகள் இந்தப் பக்கத்தில் நிறைய. பரங்கிப்பேட்டைக்குப் போனால் தெருவுக்குத் தெரு உண்டு. இரண்டு பேரும் அம்மாவுக்கு ஏறக்குறைய ஒரே தூரத்தில்தான் இருக்கிறார்கள் என்று சொன்னால் எவரும் நம்புவதில்லை. துபாய் பக்கம், சிங்கப்பூர் தூரம் என்பதுதான் தெருவின் முடிவு. துபாய்க்காரர் லீவு கிடைத்தால் வந்துவிடுகிறார், சிங்கப்பூர்க்காரர் அங்கேயே வீடு வாங்கிவிடுகிறார் என்பது காரணமாக இருக்கலாம்.

சென்னையிலிருந்து அளந்தால் இன்னும் நெருக்கம். சிங்கப்பூர் சுமார் 2,920, துபாய் சுமார் 2,930. இந்தப் பத்து கிலோமீட்டரை விமானம் ஒரு நிமிடத்துக்குள் தாண்டிவிடும்.

*

பக்கத்து வீட்டு அத்தை ஒரு டிக்கெட்டை நீட்டினார். மகனுடையது. கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, விரலால் ஒவ்வொரு வரியாகத் தடவிக் காட்டினார்.

"ஏந்தம்பி, ராத்திரி பதினொன்னே காலுக்கு ஏறுறான். காலைல ஆறு மணிக்குத்தான் எறங்குறான்னு போட்டிருக்கு. ஏழு மணி நேரமா புள்ள குந்தினு போவணும்?"

"இல்ல அத்தை. நாலே கால் மணி நேரம்தான். அவங்க கடிகாரம் நம்மளவிட ரெண்டரை மணி முன்னால ஓடுது."

"அப்ப திரும்பி வர்றப்போ எட்டரைக்கு ஏறி பத்து பத்துக்கு எறங்குறான்னு இருக்கே. ஒன்னே முக்கா மணி நேரத்துல வந்துடுவானா?"

அதற்கும் அதே பதில்தான். ஒரு மணி நாற்பது நிமிடத்தோடு இரண்டரை மணியைக் கூட்டினால் நாலு மணி பத்து நிமிடம். அத்தை கூட்டிப் பார்த்துவிட்டு, "இதை அவனுங்களே கூட்டிப் போட்டா என்ன?" என்றார். நியாயமான கேள்வி. புறப்படும் நேரம் புறப்படும் ஊர்க் கடிகாரத்தில், இறங்கும் நேரம் இறங்கும் ஊர்க் கடிகாரத்தில் என்பது உலகம் முழுக்க உள்ள வழக்கம். மொத்த நேரத்தையும் மூலையில் பொடி எழுத்தில் போடத்தான் செய்கிறார்கள். வயதானவர்கள் கண்ணில் படும் இடத்தில் அது இருப்பதில்லை.

துபாய் டிக்கெட்டில் இது தலைகீழ். அங்கே கடிகாரம் நம்மைவிட ஒன்றரை மணி பின்னால். போகும்போது பயணம் குட்டையாகத் தெரியும், வரும்போது நீளமாகத் தெரியும். தெருவில் துபாய் பக்கமாகிப் போனதற்கு இதிலும் கொஞ்சம் பங்கு இருக்க வேண்டும்.

*

சிங்கப்பூர்க் கடிகாரம் ஒரு வேடிக்கை. அந்த ஊர் இருக்கிற இடத்தைப் பார்த்தால், கிரீன்விச்சுக்கு ஏழு மணி முன்னால் இருப்பதுதான் சூரியனுக்கு ஒத்த கணக்கு. அவர்கள் வைத்திருப்பது எட்டு மணி. முன்பு ஏழரை வைத்திருந்தார்கள். 1982 பிறக்கும்போது மலேசியாவோடு சேர்ந்து அரை மணி முன்னே நகர்த்திக்கொண்டார்கள். ஆகவே 1981 வரை சிங்கப்பூருக்கும் நமக்கும் இரண்டு மணிதான் வித்தியாசம். அங்கே காலை ஏழு மணிக்குத்தான் விடிகிறது என்று ஊர்க்காரர்கள் வந்து சொல்லும் அதிசயத்துக்குப் பின்னால் இருப்பது இந்த ஏற்பாடுதான்.

நம் கடிகாரமும் நம் ஊர்ச் சூரியனைப் பார்த்து ஓடவில்லை. இந்திய நேரம் 82½ பாகை தீர்க்கரேகையை வைத்து ஓடுகிறது. கடலூர் அதற்கு மேற்கே 79¾ பாகையை ஒட்டி இருப்பதால் நம் சூரியன் கடிகாரத்துக்குப் பதினோரு நிமிடம் பின்தங்கி வருகிறது. 1906க்கு முன் ரயில்கள் சென்னை வானாய்வுக்கூடத்தின் நேரத்தில் ஓடின. கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிடம் முன்னால். அந்த நேரம் நம் ஊர்ச் சூரியனோடு கிட்டத்தட்ட ஒத்துப்போயிருக்கும்.

*

டிக்கெட்டில் போடும் நேரம் பறக்கும் நேரம் அல்ல. இங்கே சக்கரத்துக்கு வைத்த கட்டையை எடுத்த நிமிடத்திலிருந்து, அங்கே மறுபடி கட்டை வைக்கும் நிமிடம் வரை உள்ள கணக்கு அது. ஓடுபாதை வரை உருண்டு போவது, முன்னால் நிற்கும் விமானங்களுக்காகக் காத்திருப்பது, இறங்கியபின் வாசல் தேடி உருள்வது எல்லாம் அதற்குள் அடக்கம்.

மேலே ஏறிச் சீராகப் பறக்கும்போது மணிக்கு 830 முதல் 900 கிலோமீட்டர் வரை வேகம். 2,920ஐ 850ஆல் வகுத்தால் மூன்றரை மணிக்குச் சற்றுக் குறைவு. ஏறவும் இறங்கவும் உருளவும் முக்கால் மணி சேர்த்தால் நாலே கால். எந்த இரண்டு ஊருக்கும் இந்தக் கணக்கு ஏறக்குறைய வந்துவிடும்: தூரத்தை 850ஆல் வகு, முக்கால் மணி கூட்டு. கைப்பேசியைத் தேட வேண்டாம்.

கம்பெனிகள் அதற்கு மேலும் பத்துப் பதினைந்து நிமிடம் சேர்த்துப் போடுவதுண்டு. குறித்த நேரத்துக்குப் பிறகு பதினைந்து நிமிடத்துக்குள் வந்தால் 'நேரத்துக்கு வந்தது' என்பது இந்தத் தொழிலின் வழக்கம். பத்து நிமிடம் முன்னதாக இறங்கிவிட்டோம் என்று ஒலிபெருக்கியில் சொல்லும்போது நான் கை தட்டுவதில்லை.

*

டீக்கடையில் வந்த கேள்வி: "பூமிதான் மேற்கேருந்து கெழக்கே சுத்துதே சார். ஏரோப்ளேன் மேல போய் அப்படியே நின்னா துபாய் தானா கீழ வந்துடாதா?"

வராது. காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. விமானம் அந்தக் காற்றுக்குள்தான் இருக்கிறது. ஆனால் கேட்டவர் முழுக்கத் தவறாகக் கேட்கவில்லை. போகும் நேரமும் வரும் நேரமும் ஒன்றாக இல்லாததற்குக் காரணம் பூமி சுற்றுவதோடு சம்பந்தப்பட்டதுதான், சுற்றிவளைத்து. நிலநடுக்கோட்டுப் பக்கம் சூடான காற்று மேலேறி வடக்கே நகரும்போது, பூமியின் சுழற்சியால் அது கிழக்கு நோக்கி வளைந்து வேகமெடுக்கிறது. குளிர்காலத்தில் வட இந்தியாவுக்கும் வளைகுடாவுக்கும் மேலே இந்த மேலைக்காற்று ஆறு போல் ஓடும். துபாயிலிருந்து சென்னைக்கு வருகிறவருக்கு அது முதுகில் தள்ளும். போகிறவருக்கு மாரில் மோதும். ஒரே தூரத்துக்கு அரை மணி வரை வித்தியாசம் வருவது இதனால்தான்.

தெற்கே நமக்கு மழைக்காலத்தில் வேறொரு காற்று உண்டு. ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவின் தலைக்கு மேல், மிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு விரைவுக் காற்று வீசுகிறது. அதை ஆராய்ந்து 1958இல் எழுதியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோடீஸ்வரம். சிங்கப்பூரிலிருந்து அந்த மாதங்களில் வருகிறவருக்கு அதன் ஓரம் கொஞ்சம் உதவும்.

டீக்கடை நண்பருக்கு இதையெல்லாம் சொன்னேன். "அப்ப மேல போய் நிக்க வேணாம், காத்துல ஏறிக்கணும்" என்றார். விமானிகளும் அதைத்தான் செய்கிறார்கள்.

*

வெளிநாடு கிளம்பும் பிள்ளையைத் திருவந்திபுரத்துக்குக் கூட்டிப்போய்ப் படியேற்றி ஹயக்ரீவரைச் சேவித்துவிட்டு வருவது இந்தப் பக்கத்து வழக்கம். டிக்கெட் பிரிண்டையும் தட்டில் வைத்துக் கொடுப்பவர்கள் உண்டு. அந்த டிக்கெட்டில் இருக்கிற தூரக் கணக்குக்கும் அந்த ஊருக்கும் ஒரு பழைய உறவு இருக்கிறது.

1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்ற ராணுவ அதிகாரி பரங்கிமலை அருகே இரும்புச் சங்கிலியைத் தரையில் நீட்டி, சுமார் 12 கிலோமீட்டர் நீளத்துக்கு ஓர் அடிக்கோட்டை அளந்தார். இந்தியாவின் பெரிய முக்கோண அளவை என்று பிற்பாடு பேர் பெற்ற வேலை அங்கேதான் தொடங்கியது. அந்தக் கோட்டின் மேல் முக்கோணம் முக்கோணமாகக் கட்டிக்கொண்டு கடற்கரை ஓரமாகத் தெற்கே வந்தார். கோணம் அளக்க அவர் வைத்திருந்த கருவி அரை டன் எடை. இங்கிலாந்திலிருந்து வரும் வழியில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலோடு பிடித்து மொரீஷியசுக்குக் கொண்டுபோய், என்னவென்று பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பி அனுப்பிவைத்த கருவி அது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தில் கயிறு கட்டி ஏற்றும்போது சுவரில் இடித்துக்கொண்டது வேறு கதை.

கடற்கரை வேலையின் நோக்கம், பூமியில் ஒரு பாகை என்பது எத்தனை அடி என்று கண்டுபிடிப்பது. வடக்கு முனைக்குச் சென்னைக்கு மேலே ஓர் இடம். தெற்கு முனை திருவந்திபுரம். அவர் எழுதிவைத்த அட்சரேகை 11 பாகை 44 கலை 53 விகலையை ஒட்டியது. இன்றைக்கு வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்தாலும் அங்கேதான் வருகிறது. இரண்டு முனையிலும் தலைக்கு மேல் வரும் நட்சத்திரங்களைப் பார்த்து, வித்தியாசம் 1 பாகை 34 கலை 56 விகலை என்று கண்டார். தரையில் அளந்த தூரத்தை அதால் வகுத்தபோது ஒரு பாகைக்கு 60,494 பேதம் (fathom) வந்தது. ஒரு பேதம் ஆறு அடி. நம் கணக்கில் 110.6 கிலோமீட்டர். செயற்கைக்கோள் வைத்து இன்று அளந்தாலும் இந்த அட்சரேகையில் அதேதான் வருகிறது.

பூமி சரியான உருண்டை இல்லை, பூசணிக்காய் மாதிரி மேலும் கீழும் லேசாக அமுங்கியது. நடுவில் ஆரம் சுமார் 21 கிலோமீட்டர் கூடுதல். அந்த அமுக்கத்தைக் கணக்கிட ஒவ்வொரு அட்சரேகையிலும் ஒரு பாகை எவ்வளவு நீளம் என்று தெரிய வேண்டும். ஜெர்மன் வானியலாளர் பெசல் 1841இல் பூமியின் வடிவத்தைக் கணக்கிட்டபோது உலகம் முழுவதிலிருந்தும் எடுத்துக்கொண்ட பத்து அளவைகளில் திருவந்திபுரம் கோடும் ஒன்று. இன்று சென்னை–சிங்கப்பூர் 2,920 என்று கம்ப்யூட்டர் சொல்வது அந்த மாதிரி வடிவக் கணக்குகளின் பேரப்பிள்ளைக் கணக்கை வைத்துத்தான்.

லாம்ப்டன் சங்கிலி போட்ட பரங்கிமலைக்குப் பக்கத்தில்தான் மீனம்பாக்கம் விமான நிலையம். அவர் முடித்த தெற்கு முனை நம் கெடிலக்கரை. நேர்க்கோட்டில் மஞ்சக்குப்பத்துக்கும் விமான நிலையத்துக்கும் சுமார் 145 கிலோமீட்டர். சாலையில் 170, 180 ஆகிவிடும்.

*

இதற்கு முன்பே தூரத்தை வைத்து ஒரு வியாபாரம் இங்கே நடந்தது. 1690இல் ஆங்கிலக் கம்பெனி தேவனாம்பட்டினம் கோட்டையை மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அதுவரை உள்ள நிலமும் கோட்டையோடு சேரும் என்பது பேச்சு. நெடுந்தூரம் பாயும் பீரங்கியாகப் பார்த்து நாலாபக்கமும் சுட்டார்கள். உள்ளே மாட்டிய ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்று பெயர் நின்றுவிட்டது.

அந்தக் கோட்டைக்கு 1756இல் தலைமை ஏற்று வந்த ராபர்ட் கிளைவ் தங்கிய தோட்ட வீடு மஞ்சக்குப்பத்தில்தான். முதல்முறை இந்தியா வந்தபோது அவர் 1743 மார்ச்சில் இங்கிலாந்தில் கப்பலேறி, 1744 ஜூனில் சென்னையில் இறங்கினார். கப்பல் பிரேசில் கரையில் தட்டி, மாதக்கணக்கில் அங்கேயே கிடந்ததால் பதினைந்து மாதம். இன்று சென்னை–லண்டன் சுமார் 8,230 கிலோமீட்டர், பத்தரையிலிருந்து பதினோரு மணி.

*

சிங்கப்பூருக்கு விமானம் என்பது நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டியது அண்மைக்காலத்தில்தான். அதற்கு முன் கப்பல். ரஜுலா என்ற பெயரை எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களிடம் சொல்லிப் பாருங்கள். 1926இல் கிளாஸ்கோவில் கட்டிய நீராவிக் கப்பல். ஆரம்பத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பேரை ஏற்ற அனுமதி வாங்கியிருந்தது. பெரும்பாலோர் தளத்தில் பாய் விரித்துப் படுத்துப் போனவர்கள். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, போர்ட் ஸ்வெட்டன்ஹாம், சிங்கப்பூர். கிட்டத்தட்ட ஒரு வாரம். 1973 வரை நாற்பத்தேழு வருடம் பெரும்பாலும் இதே வழியில் ஓடியது.

அதற்குப் பின் வந்தது சிதம்பரம். பக்கத்து ஊர்ப் பெயரைத் தாங்கிய அந்தக் கப்பல் பிரான்சின் டன்கெர்க்கில் 1966இல் 'பாஸ்டர்' என்ற பெயரில் பிறந்தது; தென் அமெரிக்காவுக்குப் பயணிகளை ஏற்றிச் செல்லக் கட்டியது. இந்தியக் கப்பல் கழகம் அதை வாங்கிப் பெயர் மாற்றிச் சென்னை–சிங்கப்பூர் வழியில் விட்டது. நடராஜர் ஊர்ப் பெயரில் ஒரு பிரெஞ்சுக் கப்பல், அதில் மூட்டை முடிச்சோடு நம் ஆட்கள். 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பயணிகள் பலர் இறந்துபோனார்கள். அத்தோடு அந்தச் சேவையும் முடிந்தது.

கப்பல் காலத்தில் கடலூர்க்காரருக்கு ஒரு வசதி இருந்தது. ரயிலேறி மாயவரம், திருவாரூர் வழியாக நாகப்பட்டினம் போனால் அங்கே கப்பல். கடலில் ஏழு நாள், கரையில் அரை நாள். பயணம் என்றால் கடல்தான். இப்போது ஆகாயத்தில் நாலு மணி, தரையில் பத்து மணி.

*

தரைக் கணக்கை எழுதிவைக்கிறேன். இரவு பதினொன்றே காலுக்கு விமானம்.

மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்கிறார்கள். ஆக எட்டே காலுக்கு அங்கே நிற்க வேண்டும். மூன்று மணிக்கு இங்கே பஸ் ஏறினால் கிளாம்பாக்கத்தில் இறங்கும்போது ஏழரையாவது ஆகும். 2023 கடைசியில் கிளாம்பாக்கம் திறந்ததிலிருந்து தெற்கேயிருந்து போகும் பஸ்கள் அங்கே நின்றுவிடுகின்றன. இரண்டு பெட்டி, ஒரு அட்டைப்பெட்டி, முறுக்கு டின் இவற்றோடு மாநகரப் பஸ்ஸில் ஏறுவது எல்லோராலும் ஆகாது. ஆட்டோவோ டாக்சியோ பிடித்து, ஜி.எஸ்.டி. சாலை நெரிசலில் வண்டலூர், தாம்பரம், குரோம்பேட்டை தாண்டி மீனம்பாக்கம் சேர இன்னும் முக்கால் மணி, ஒரு மணி. ஆக அஞ்சு மணி நேரத்துக்கு மேல்.

வாடகைக் கார் வைத்தால் மூன்றரை முதல் நாலு மணி. அதற்குத் திரும்பி வரும் காலி வண்டிக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் வழியனுப்ப ஏறிக்கொள்வதால் பெரிய வண்டியாகவே சொல்வார்கள். டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம், ஆல்பேட்டை தாண்டிப் பெண்ணையாற்றுப் பாலம், பாகூர்ப் பக்கம், புதுச்சேரி நெரிசல், திண்டிவனத்தில் ஒரு காபி. டீசல் போடப் புதுச்சேரியில் நிறுத்துவது டிரைவர்களின் பழக்கம். அங்கே விலை குறைவு. அதற்குப் பத்து நிமிடம் தனி.

ரயில் என்றால் திருப்பாதிரிப்புலியூரில் ஏறித் தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரயிலில் சானட்டோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம் கடந்து திரிசூலம். ஸ்டேஷனுக்கு எதிரே விமான நிலையம், சுரங்கப்பாதை இருக்கிறது. பெட்டி குறைவாக இருந்தால் இதுதான் சிறந்த வழி என்பது என் கட்சி. நெரிசல் கிடையாது. ரயில் நேரம் விமான நேரத்துக்குப் பொருந்துவதுதான் அபூர்வம்.

அங்கே சாங்கியில் இறங்கியதும் குடிநுழைவு, பெட்டி, எம்.ஆர்.டி. என்று இன்னும் ஒன்றரை மணி. மஞ்சக்குப்பம் வாசலிலிருந்து சிங்கப்பூர் வாசல் வரை பதினாலு மணி நேரம். டிக்கெட்டில் இருப்பது நாலே கால்.

*

பக்கத்தில் விமான நிலையமே இல்லையா என்றால், இருக்கிறது. புதுச்சேரி லாஸ்பேட்டை முப்பது கிலோமீட்டருக்குள். ஓடுபாதை ஒன்றரை கிலோமீட்டர்தான் என்பதால் விசிறி வைத்த ஏடிஆர் மட்டும் இறங்கும். 2024 டிசம்பரிலிருந்து இண்டிகோ பெங்களூருக்கும் ஐதராபாத்துக்கும் விடுகிறது. பெங்களூர் போய் அங்கிருந்து துபாய் போகலாம். இரண்டு டிக்கெட்டும் ஒரே பி.என்.ஆரில் இருந்தால் மட்டும் செய்யுங்கள். ஓடுபாதையை நீட்டத் தமிழ்நாட்டுப் பக்கம் நிலம் வேண்டும். பேச்சு பல வருடமாக நடக்கிறது.

நெய்வேலியில் என்.எல்.சி. ஓடுதளம் இருக்கிறது. 2017இல் உடான் திட்டத்தின் முதல் பட்டியலிலேயே பெயர் வந்தது. வழக்கமான பயணி விமானம் வரவில்லை.

சிதம்பரம், விருத்தாசலம் ஆட்கள் திருச்சியைப் பிடிக்கிறார்கள். திருச்சி–சிங்கப்பூர் சுமார் 2,980. சென்னையைவிட அறுபது கிலோமீட்டர் கூடுதல், ஆகாயத்தில் நாலு நிமிடம். ஊருக்குள் நெரிசலில்லாமல் போய்ச் சேர முடிவதால் தரையில் ஒரு மணி நேரம் மிச்சம். 2024இல் புது முனையமும் வந்துவிட்டது. மஞ்சக்குப்பத்துக்காரர்களும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். சென்னை என்றால் சென்னைதான் என்ற பிடிவாதத்துக்குக் காரணம் வழியில் இருக்கிற சொந்தக்காரர்கள் வீடு.

*

யாழ்ப்பாணம். கடலூரிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 220 கிலோமீட்டர். மதுரையைவிடப் பக்கம். போக வேண்டுமென்றால் முதலில் வடக்கே சென்னை போக வேண்டும். அங்கிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் தெற்கே சுமார் 355 கிலோமீட்டர் பறக்கிறது. வரைபடத்தில் கோடு போட்டால் அது கடலூருக்குக் கிழக்கே நாற்பது கிலோமீட்டரில் கடல் மேல் போகிறது. காலையில் கிளம்பி நாலு மணி நேரம் வடக்கே போனவர், மத்தியானம் நம் ஊரை வலப்பக்க ஜன்னலில் பார்த்துக்கொண்டே தெற்கே போவார். 2019 அக்டோபரில் பலாலி மறுபடி திறந்தது, நவம்பரில் விமானம் வந்தது, கொரோனாவில் நின்றது, 2022 டிசம்பரில் மறுபடி தொடங்கியது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பலும் விட்டார்கள். விட்டு விட்டு ஓடுகிறது. கடலூருக்கு அதுதான் நியாயமான வழி.

*

புதுச்சேரி, காரைக்கால் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பாரிஸ் வெளிநாடே அல்ல. சென்னை–பாரிஸ் நேர்த்தூரம் சுமார் 8,020. துபாயில் மாறிப் போனால் 2,930ம் 5,240ம் சேர்ந்து 8,170. சுற்று வழி என்று நினைப்பது வெறும் 150 கிலோமீட்டர்தான், பத்து நிமிடம். நடுவில் நாலு மணி நேரம் துபாயில் உட்கார்ந்திருப்பதுதான் செலவு.

லண்டன் வழி இன்னொரு மாதிரி. சென்னையிலிருந்து நேர்க்கோடு பலுசிஸ்தான், கிழக்கு ஈரான், காஸ்பியன் கடல், உக்ரைனின் தென்பகுதி வழியாகப் போகிறது. 2022 பிப்ரவரியிலிருந்து உக்ரைன் வான்வெளி மூடிக் கிடக்கிறது. 2025 ஏப்ரலில் இந்தியக் கம்பெனிகளுக்குப் பாகிஸ்தான் தன் வான்வெளியை மூடியது. உருண்டையின் மேல் குறுக்குவழி எது என்று கணக்கு சொல்லும். அதில் போக விடுவது சண்டை போடுகிறவர்கள் கையில்.

கனடா போகிற பிள்ளைகளின் வீட்டில் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். குளோப் எடுத்துச் சென்னையில் நூலின் ஒரு முனையையும் டொராண்டோவில் மறுமுனையையும் அழுத்தி இழுங்கள். நூல் மேற்கே போகாது. வடக்கே நகர்ந்து, ரஷ்யாவைத் தாண்டி, ஆர்க்டிக் பெருங்கடலில் 73 பாகைக்கும் மேலே ஏறி, கிரீன்லாந்து வழியாக இறங்கும். சுமார் 13,390 கிலோமீட்டர். இரண்டு ஊரும் ஏறக்குறைய பூமியின் எதிரெதிர் தீர்க்கரேகைகளில் இருப்பதால் வட துருவத்தின் தோளை உரசிக்கொண்டு போவதுதான் நேர்வழி. பிள்ளை இருக்கும் திசையைப் பார்த்து விளக்கேற்றும் தாய்மார்கள் வடக்கு நோக்கி ஏற்ற வேண்டும்.

*

அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு ஒரு விண்ணப்பம். கடலூரிலிருந்து மாலையில் ஒன்று, இரவில் ஒன்று என இரண்டு பஸ், பெட்டி வைக்க வயிற்றில் இடம் உள்ளதாக, கிளாம்பாக்கத்தில் நிற்காமல் மீனம்பாக்கம் வாசல் வரை போகட்டும். புதுச்சேரியிலும் திண்டிவனத்திலும் ஆள் ஏறுவார்கள், காலியாக ஓடாது. விடியற்காலை சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா விமானங்கள் இறங்கியதும் அதே பஸ் திரும்பி வரட்டும்.

அது வரும்வரை, இரவு பதினொரு மணி விமானத்துக்கு மத்தியானம் இரண்டரைக்கே கிளம்பிவிடுங்கள். சனி, ஞாயிறு என்றால் ஒன்றரைக்கு.